மோதிர விரலின் ஓரத்தில்

என் புருஷன் என்னை அடித்த கையும், காலையில் சுகர் பார்க்க ஊசி குத்தச் சொல்லி என்னிடம் நீட்டிய கையும் ஒன்றுதான். வலது கை. இடது கை விரல்களெல்லாம் பட்டறையில் நசுங்கி நசுங்கி மரத்துப்போனவை. எங்கே குத்தினாலும் ஒரு சொட்டு ரத்தம் வராது. அதனால் தினமும் எழுந்து பல் தேய்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, வலது கையை நீட்டுவார். அவ்வளவு பெரிய ஆள், ஊசியைப் பார்க்க மாட்டார். நான் மோதிர விரலின் ஓரத்தைப் பிடித்து அமுக்கி, பேனா மாதிரி இருக்கிற ஊசிக் கருவியை வைத்து பட்டனைத் தட்டுவேன். டக். "மெதுவாடி, பாவி!" என்பார்.

மெதுவாகக் குத்துவதற்கும் பலமாகக் குத்துவதற்கும் அந்தக் கருவியிலேயே எண் இருக்கிறது. ஒன்றில் வைத்தால் எறும்பு கடித்த மாதிரி. ஐந்தில் வைத்தால் சுரீரென்று இறங்கும். சாதாரண நாளில் மூன்றில் வைப்பேன். முந்தின நாள் அவர் கை என்மேல் பட்டிருந்தால் ஐந்து. காய்த்துப்போன விரல், ஐந்து வைத்தால்தான் ரத்தம் வருகிறது என்று யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். யாரும் கேட்கவில்லை.

அடிபட்டு நசுங்கி வருகிற வண்டிகளைத் தட்டி நிமிர்த்துவது அவருடைய வேலை. கார்க் கதவோ லாரி முகப்போ, பின்னால் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுத்து முன்னால் சுத்தியலால் தட்டித் தட்டிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். பட்டறையில் அவரைச் சம்மட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவருக்கு ஏகப் பெருமை. தகரம் தட்டினால் நிமிர்கிறது, பெண்டாட்டி மட்டும் ஏன் நிமிர மாட்டாள் என்று நினைத்த மனுஷன்.

அதே பட்டறைக்கு வருகிற வண்டிகளுக்கு நான் வீட்டில் சீட் கவர் தைப்பேன். முன்னறை முழுக்க ரெக்சின் சுருளும் ஸ்பாஞ்சும் என் பெரிய தையல் மெஷினும்தான். நாள் முழுக்க ரெக்சினை இழுத்துப் பிடித்துத் தைக்கிறவளுக்குத் தோளில் பலம் இல்லாமல் இருக்குமா? அடித்தால் வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து அழுகிற ஜென்மம் இல்லை நான். கையில் கிடைத்ததை எறிந்திருக்கிறேன். கடித்திருக்கிறேன். வாயைக் கேட்கவே வேண்டாம். ஆனாலும் கடைசியில் கீழே விழுவது நானாகத்தான் இருக்கும். விழுந்தவளைப் பார்த்துச் சொல்வதற்கு அவரிடம் ஒரு வசனம் இருந்தது. "வலிக்கும். பரவாயில்ல, செத்துட மாட்டே."

எங்களுக்கு ஒரே மகள். ஒரு முறை நடுவில் புகுந்து தடுத்தவளுடைய மணிக்கட்டை முறுக்கிவிட்டார். எலும்பு முறிந்து, மாவுக்கட்டுப் போட வேண்டியதாயிற்று. கட்டை அவிழ்த்த அன்றே, வேலை பார்க்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த ஆள் இருக்கிற வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். என்னையும்தான் கூப்பிட்டாள். மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கே வருவது என்று சாக்குச் சொன்னேன். உண்மை என்னவென்றால், இவர் என்றைக்காவது மாறிவிடுவார் என்ற நப்பாசை எனக்குப் போகவே இல்லை.

காலில் தகரம் கீறிய புண் ஆறவில்லை என்று கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனபோதுதான் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். அங்கே இருந்த நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, சுகர் பார்க்கிற மெஷினை எப்படிப் பிடிப்பது, பட்டையில் ரத்தத்தை எப்படித் தொட வைப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தாள்.

"சாப்பிடறதுக்கு முன்னாடி இந்த மாத்திரை. போட்டுட்டா கண்டிப்பா சாப்பிட்டாகணும். வெறும் வயித்தோட இருந்தா சுகர் ரொம்பக் கீழ இறங்கிடும். ஏறுறதைவிட அது ஆபத்து."

"இறங்கினா எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன்.

"வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். சிலருக்குக் காரணமே இல்லாம கோவம் வரும். கத்துவாங்க, கையில கிடைச்சதை எறிவாங்க, அடிக்கக்கூட வருவாங்க. உடனே விரலைக் குத்திப் பாருங்க. எழுபதுக்குக் கீழ இருந்தா சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் குடுங்க. வீட்ல எப்பவும் கொஞ்சம் சர்க்கரை கைக்கெட்டுற இடத்துல இருக்கணும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சிஸ்டர், அப்படிப் பார்த்தா இவருக்குக் கல்யாணம் ஆன நாள்ல இருந்தே சுகர் கம்மிதான்."

நர்ஸும் சிரித்துவிட்டாள். இவர் சிரிக்கவில்லை. கிளினிக் படிக்கட்டில் இறங்கும்போது என் மேல்கையைப் பிடித்து நசுக்கினார். "நாலு பேர் முன்னாடி என்னை நக்கல் பண்றியா?" அவருடைய நாலு விரலும் என் கையில் கருநீலமாகப் பதிந்துவிட்டன.

நர்ஸ் சொன்னதில் அவர் காதில் ஏறியது ஒன்றே ஒன்று, சர்க்கரை எதிரி என்பது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அடுக்களைக்குள் போய் சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து தெருவில் விட்டெறிந்தார். டப்பா உருண்டு, சர்க்கரை சாக்கடை ஓரம் வரைக்கும் சிதறியது.

"இனிமே இந்த வீட்ல ஒருத்தரும் சர்க்கரையைத் தொடக் கூடாது!"

"கொஞ்சம் வெச்சிருக்கணும்னு அந்த நர்ஸ் சொன்னாங்களேங்க."

காதோடு சேர்த்து ஓர் அறை விட்டார். கொய்யென்று சத்தம் கேட்டது. "சுகர்காரன் வீட்ல சர்க்கரையாம்! என்னைக் கொல்லத்தான் பார்க்கறே நீ."

பக்கத்து வீடுதான் என் நாத்தனார் வீடு. இவருடைய ஒரே தங்கை. சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்றாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணன் சொல்றது நியாயம்தானே அண்ணி, கண் முன்னாடி இருந்தா கை போகும்ல" என்றாள். அவளுக்கு அண்ணன் சொன்னால் சூரியன் மேற்கே உதிக்கும்.

எனக்கு டீ என்றால் உயிர். அதுவும் நாக்கில் ஒட்டுகிற அளவுக்குச் சர்க்கரை போட்ட டீ. அவருக்கு நோய் வந்தால் நான் எதற்கு நாக்கைக் கட்டிப்போட வேண்டும்? ரெக்சினில் கோடு போடுகிற சாக்கட்டிகளை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருப்பேன். அதில் அடியில் ஒரு பொட்டலம் சர்க்கரையை வைத்து மேலே சாக்கட்டிகளைப் பரப்பிவிட்டேன். அவர் பட்டறைக்குப் போன பிறகு ஒரு டீ. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து அதைக் குடிக்கிற நேரம்தான் அன்றைய நாளில் எனக்கென்று இருந்த நேரம்.

ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் பாதியில் வந்துவிட்டார். என் கையிலிருந்த கிளாஸை வாங்கி, சாய்த்து, அடியில் கரையாமல் நின்ற சர்க்கரையைப் பார்த்தார். விரலை விட்டு எடுத்து நக்கியும் பார்த்தார். அடுத்த நொடி அந்தக் கிளாஸ் என் முகத்தில் இருந்தது. இடது புருவம் பிளந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. வீடு முழுக்கச் சர்க்கரையைத் தேடினார். ஸ்பாஞ்சைக் கூடக் கத்தியால் கிழித்துப் பார்த்தார். சாக்கட்டி டப்பாவைக் கையில் எடுத்தார், திறந்தார், வெள்ளைக் கட்டிகளைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார். புருவத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நான் உள்ளுக்குள் சிரித்தேன். மறுநாள் காலை ஊசியை ஐந்தில் வைத்தேன்.

அப்புறம் வந்தது அந்த நாள். காலையில் குத்திப் பார்த்தேன், மாத்திரை கொடுத்தேன், விழுங்கினார். முட்டையும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தேன். உட்கார்ந்தவர், ஜன்னலோரம் இருந்த என் போனைப் பார்த்து, "யார்கிட்ட பேசிட்டிருந்தே?" என்றார்.

"உங்க பொண்ணுகிட்டதான்."

"எனக்குப் பொண்ணே இல்ல."

"இருந்தவ கையை உடைச்சா எப்படிங்க இருப்பா?"

தட்டு பறந்தது. சுவரில் அடித்து, மஞ்சள் கரு வழிந்து, தையல் மெஷின் மேல் ரொட்டி விழுந்தது. எழுந்தார், என் தலைமுடியைப் பிடித்து அந்தச் சுவரிலேயே ஒரு முட்டு முட்டினார், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வயிற்றில் மாத்திரை மட்டும்தான் இருக்கிறது என்பது எனக்கும் தோன்றவில்லை. நெற்றி விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. எங்கேயாவது போய்த் தொலையட்டும் என்றுதான் இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வந்து வாசலில் நின்றார். கூட வேலை செய்கிறவன் மேல் சுத்தியலை எறிந்துவிட்டு வந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. கண் ஒரு நிலையில் இல்லை. உள்ளே வந்து என் தையல் மெஷினைக் காலால் எட்டி உதைத்தார்.

"இதை ஏன்டி பட்டறைக்குக் கொண்டுவந்தே? யாரைக் கேட்டுக் கொண்டுவந்தே?"

"இது வீடுங்க. பட்டறை இல்ல."

"எதிர்த்தா பேசறே?" ஓங்கிக் குத்தினார். குத்து என்மேல் படவில்லை. கதவு நிலையில் பட்டு, விரல் மூட்டுத் தோல் கிழிந்து தொங்கியது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவ்வளவு வருஷத்தில் அவர் குறி தப்பி நான் பார்த்ததே கிடையாது. ஆனால் அதை யோசிக்க எனக்கு எங்கே நேரம்? ரெக்சின் சுருளை இழுத்துக் கிழித்தார். நாற்காலியைத் தூக்கி ஜன்னலில் அடித்தார். கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. பிறகு என் கழுத்தைப் பிடித்துவிட்டார். மூச்சு நின்றது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. நான் கையால் துழாவியதில் அளவு போடுகிற இரும்பு அடிக்கோல் கிடைத்தது. அதை எடுத்து, கழுத்தும் தோளும் சேர்கிற இடத்தில், இத்தனை வருஷத்துக் கோபத்தையும் சேர்த்து ஒரே போடாகப் போட்டேன்.

வெட்டிய மரம் மாதிரி விழுந்தார். அசைவில்லை.

கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். முதலில் வந்தது பயம் இல்லை, நிம்மதி. அடுத்த மூச்சில்தான் பயம் வந்தது. குனிந்து பார்த்தேன். சட்டை தண்ணீரில் முக்கி எடுத்தது போல நனைந்திருந்தது. முகத்தில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கை வெடவெடவென்று ஆடியது. நான் அடித்ததற்கு ஏன் இப்படி வேர்க்கிறது? அப்போதுதான் நர்ஸ் சொன்னது பொறி தட்டியது. காலையில் சுவரில் வழிந்த முட்டையும் ஞாபகம் வந்தது.

ஓடிப்போய் சுகர் மெஷினை எடுத்து வந்தேன். வலது கையின் மூட்டிலேயே ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. ஆனாலும் பழக்கதோஷம், மோதிர விரலின் ஓரத்தைத் துடைத்துக் குத்தினேன். முப்பத்தெட்டு.

சாக்கட்டி டப்பாவைக் கவிழ்த்து அடியிலிருந்த பொட்டலத்தை எடுத்தேன். எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆமாம், உட்கார்ந்துதான் இருந்தேன். இந்த வீட்டில் சர்க்கரையே இருக்கக் கூடாது என்று சொன்னவர் அவர். தெருவே பார்க்க டப்பாவை எறிந்தவர் அவர். வீட்டில் ஒரு சிட்டிகை கூட இல்லையே, நான் என்ன செய்வேன் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதால் ஒருத்தரும் என்னைக் கேட்க முடியாது. என் கழுத்து எரிந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை.

"பாப்பா..." என்றார் குழறிக்கொண்டு. "பாப்பா, தண்ணி..." மகளை அவர் அப்படிக் கூப்பிட்டு வெகுகாலம் ஆகிறது.

நாசமாய்ப் போக என்று என்னையே திட்டிக்கொண்டு, சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்து, அவர் தாடையை அழுத்திப் பிடித்து, கன்னத்துக்குள் விரலால் அப்பினேன். கடித்துவிட்டார். பல் என் விரலில் இறங்கி எலும்பில் நின்றது. கத்தினேன், ஆனால் விரலை எடுக்கவில்லை. மறு கையால் அவர் மூக்கில் ஒரு குத்து விட்டு வாயைத் திறக்க வைத்து, இன்னும் அப்பினேன். கொஞ்சம் கொஞ்சமாக விழுங்க ஆரம்பித்தார். பிறகு சர்க்கரைத் தண்ணீரைத் தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தேன். தரை முழுக்க அவர் ரத்தமும் என் ரத்தமும் சர்க்கரையுமாகப் பிசுபிசுத்தது.

கண் தெளிந்து எழுந்து உட்கார்ந்தவர் உடைந்த ஜன்னலைப் பார்த்தார். என் கழுத்தைப் பார்த்தார். "யாருடி இதெல்லாம் பண்ணினா?" என்று கேட்டார்.

"நீங்கதான்."

கவிழ்ந்து கிடந்த டப்பாவையும் பொட்டலத்தையும் பார்த்தார். சர்க்கரை எப்படி வந்தது என்று கேட்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். "சுகர் அவ்வளவு கீழ போனா மூளைக்கு ஒண்ணும் புரியாதும்மா. அன்னைக்கு நடந்ததுக்கு அவரைக் குத்தம் சொல்லாதீங்க" என்றார். அன்னைக்கு என்றுதான் அவர் சொன்னார். கூட வந்த என் நாத்தனார் அதை வாங்கி எங்கள் கல்யாண நாள் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"பார்த்தீங்களா அண்ணி? இத்தனை வருஷமா எங்க அண்ணனை அந்த நோய்தான் உள்ள இருந்து ஆட்டி வெச்சிருக்கு. அடிச்சது அவர் இல்ல, அந்தச் சுகர். நாமதான் புரிஞ்சுக்காம பாவம் அந்த மனுஷனைக் கரிச்சுக் கொட்டிட்டோம்."

தெருவெல்லாம் சொன்னாள். பட்டறைக்குப் போய், நான் அடிக்கோலால் போட்டது வரைக்கும் சொன்னாள். சுத்தியல் எறிபட்டவன்கூட வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு விசாரித்துவிட்டுப் போனான். எதிர்வீட்டுக்காரி என் புருவத் தழும்பைப் பார்த்து, "நோய் பண்ற வேலையப் பாருங்க" என்று உச்சுக்கொட்டினாள்.

மாத்திரையே போடாத காலத்தில் சர்க்கரை எப்படி அவ்வளவு கீழே இறங்கும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. நர்ஸிடம் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள எனக்கு இஷ்டமில்லை. அடித்ததெல்லாம் நோய் என்றால், உள்ளே இருக்கிற மனுஷன் நல்லவன் என்று ஆகிறது. அப்படியானால் நான் வாழ்ந்தது வீண் இல்லை. அந்தப் பொய்யை எனக்கு யாரும் ஊட்டவில்லை, நானே அள்ளி அள்ளித் தின்றேன்.

அவரும் ஆளே மாறித்தான் போயிருந்தார். தானே கடைக்குப் போய் ஒரு சர்க்கரை டப்பா வாங்கி வந்து, கைக்கெட்டுகிற அலமாரியில் வைத்தார். எனக்கு டீ போட்டுக்கூடக் கொடுத்தார். கண்றாவியாகத்தான் இருந்தது, குடித்தேன். காலையில் குத்தும்போது பாவி என்று சொல்வதில்லை. நானும் ஊசியை மூன்றுக்கு மேல் திருப்பவில்லை.

என் மகளுக்கும் அவளுடைய அத்தைக்காரி போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். மகள் என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா, நிஜமாவா? அப்பா வேணும்னு செய்யலையா?"

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க."

"நீ என்ன சொல்றே?"

"ஆமாம்மா" என்றேன். மறுமுனையில் அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அந்த அறையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்றாள். எந்த வீட்டிலிருந்து கை உடைந்து தப்பிப் போனாளோ, அதே வீட்டுக்கு, என் வார்த்தையை நம்பி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வந்தாள். முதலில் வாசலிலேயே நின்றாள். இவர் எழுந்துபோய், "வா பாப்பா" என்று கூப்பிட்டு, அவள் மணிக்கட்டைத் தொட்டுத் தடவினார். அவள் உடைந்துபோய் அவர் தோளில் சாய்ந்துவிட்டாள். என் நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டே பரிமாறினாள். நாங்கள் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். இவர் மாத்திரை போட்டு, வயிறாரச் சாப்பிட்டு, இரண்டாவது தடவை கேட்டும் வாங்கிக்கொண்டார். அறையைக் காலி செய்வது பற்றி, கட்டிலை எங்கே போடுவது என்பது பற்றியெல்லாம் பேசினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இப்படி ஒரு மதியத்துக்காகத்தானே இவ்வளவையும் தாங்கினேன் என்று நினைத்தேன்.

டீ போட்டுக்கொண்டு வந்தேன். எனக்கும் மகளுக்கும் சர்க்கரை போட்டது, மற்றவர்களுக்குப் போடாதது. மகள் ஒரு வாய் குடித்துவிட்டு விளையாட்டாகச் சொன்னாள். "அப்பா, பட்டறைல இப்ப உங்க பேரு சம்மட்டி இல்லையாமே? அம்மா அடிக்கோலால ஒரே போடு போட்டதுல சம்மட்டி மடங்கிடுச்சுன்னு சொல்றாங்களாமே?"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

அவர் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றது. அந்த முகம் எனக்குத் தெரியும். கண் ஒரே இடத்தில் நிற்கும், தாடை இறுகும். "ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கறியாடி?" என்றார், ரொம்ப நிதானமாக. எழுந்தார். என் வாயைப் பார்த்து ஒரே குத்து. குறி தப்பவில்லை. உதடு பல்லில் கிழிந்து, நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தேன். மண்டை தரையில் இடித்தது. விலாவில் ஓர் உதை விழுந்தது. மகள் அலறிக்கொண்டு குறுக்கே வந்தாள். அவர் பிடித்தது அதே மணிக்கட்டு. அதே மாதிரி முறுக்கினார்.

"ஐயோ, அண்ணனுக்குச் சுகர் இறங்கிடுச்சு!" என்று நாத்தனார் கத்தினாள். "அண்ணி, சீக்கிரம் சர்க்கரை!" அவளே ஓடிப்போய் டப்பாவையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அவர் மணிக்கட்டை விட்டார். தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஆமா... ஒரு மாதிரி இருக்கு. கிறுகிறுன்னு வருது."

நான் தரையிலிருந்தே பார்த்தேன். நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. கை கல் மாதிரி நின்றது. மகள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என்ன நினைப்பது என்று நான்தான் சொல்ல வேண்டும் என்பது போலப் பார்த்தாள். எழுந்து போய் சுகர் மெஷினை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"முதல்ல சர்க்கரையைக் குடு" என்றார்.

"கையை நீட்டுங்க."

"அதான் சொல்றேன்ல, தலை சுத்துதுன்னு!"

"நீட்டுங்க."

நீட்டினார். சர்க்கரைத் தூள் ஒட்டியிருந்தால் மெஷின் பொய் சொல்லும், அதனால் ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, மோதிர விரலின் ஓரத்தில் குத்தினேன். இந்தத் தடவை அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனார் ஸ்பூன் நிறையச் சர்க்கரையோடு நின்றாள். மெஷின் ஐந்து, நாலு, மூன்று என்று எண்ணிக்கொண்டு இறங்கியது. கீழே வா, கீழே வா என்று நான் அந்த மெஷினைக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினேன். ஐம்பது காட்டு, அறுபது காட்டு, நானே அவருக்கு ஊட்டிவிடுகிறேன். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

நூற்று நாற்பத்தாறு.

"மெஷின் தப்பாக் காட்டுது அண்ணி" என்றாள் நாத்தனார். குரலே எழும்பவில்லை அவளுக்கு.

சுண்டுவிரலைத் துடைத்து மறுபடி குத்தினேன். நூற்று நாற்பத்தெட்டு. மெஷினை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். பிறகு மகளிடம் காட்டினேன்.

"இது நோய் இல்ல" என்றேன். "இது நீ."

அவரை நீ என்று சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கை ஓங்கினார். ஓங்கிய கையின் இரண்டு விரலிலும் ஒவ்வொரு சொட்டு ரத்தம் நின்றது. மகளைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். அவள் ஸ்பூனை மறுபடி டப்பாவுக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருந்தாள், அவரைப் பார்க்காமல். கை தானாகக் கீழே இறங்கியது.

மகள் என் துணிமணிகளைப் பையில் திணித்துக்கொண்டு வந்தாள். நான் கத்தரிக்கோலையும் அடிக்கோலையும் சாக்கட்டி டப்பாவையும் எடுத்துக்கொண்டேன். தையல் மெஷினை நாளைக்கு ஆள் வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று மகள் சொன்னாள். இவ்வளவு சுலபமான காரியத்தைத்தான் இத்தனை காலம் முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நினைக்க நினைக்க என்மேலேயே எரிச்சல் வந்தது.

வாசல் தாண்டுகிறபோது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. போகாதே என்று சொல்வார் என்று அப்போதும் ஒரு மூலையில் எதிர்பார்த்தேன், வெட்கக்கேடு.

"நாளைக்குக் காலையில எனக்கு யாருடி குத்துவா?"

திரும்பி வந்தேன். மேஜை மேல் கிடந்த ஊசிக் கருவியை எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டேன்.

"நீயே குத்திக்கோ. வலிக்கும். பரவாயில்ல, செத்துட மாட்டே."